ஹப்பின் விளக்குகளை வரிசையாகப் படிக்கும் முறை: மாட்டுவது முதல் கோளாறு பிடிப்பது வரை

கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் ஹப் பெட்டி ஒன்றை மாட்டித் தருவது அரை மணி நேர வேலை. அதில் கோளாறு வந்தால் அரை நாள் போய்விடுகிறது. பெட்டியின் முகப்பில் பத்துப் பதினைந்து விளக்குகள் இருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் எது வேகமாக மின்னுகிறதோ அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது, சிக்னல்கள் மோதுவதைக் காட்டும் கொலிஷன் விளக்காக இருக்கும். அந்த விளக்கு சொல்வது புரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் வேறு நான்கு விளக்குகளைப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

வரிசை இதுதான்: பவர், லிங்க், வேகம், ஆக்டிவிட்டி, கொலிஷன், பார்ட்டிஷன். முந்தைய விளக்கு சரியாக இல்லாவிட்டால் அடுத்ததை நம்ப முடியாது. மாட்டுவதையும் சோதிப்பதையும் இதே வரிசையில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக, 8 போர்ட் (கேபிள் சொருகும் துளை) உள்ள, 10, 100 மெகாபிட் என இரண்டு வேகத்திலும் இயங்கும் ஹப்பை வைத்துக்கொள்கிறேன். பழைய பில்லிங் கவுன்ட்டர்களிலும், பள்ளிக் கணினி அறைகளிலும், தொழிற்கூட இயந்திரங்களின் பக்கத்திலும் இன்னும் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

1. கையில் இருக்க வேண்டியவை

ஹப்போடு வந்த அடாப்டர், ஒரு லேப்டாப், கேபிள் டெஸ்டர், ஸ்டிக்கர், மார்க்கர் பேனா, டார்ச் லைட். இவற்றோடு, வேறு இடத்தில் போட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட சின்ன கேபிள் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கோளாறு பெட்டியில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், கணினியில் இருக்கலாம். மூன்றில் ஒன்றாவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தால்தான் மற்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். சந்தேகமான கேபிளைக் கொண்டு சந்தேகமான போர்ட்டைச் சோதித்து, நல்ல ஹப்பைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேபிள்களின் இரண்டு முனையிலும் எண் எழுதி ஒட்டும் வேலையை இப்போதே செய்துவிடுங்கள். கட்டுக் கட்டாக டை போட்டு இறுக்கிய பிறகு எந்த முனை எங்கே போகிறது என்று தேடுவது பெரும்பாடு.

2. ஹப்பா, சுவிட்சா?

நம் ஊரில் இரண்டையும் ஹப் என்றே சொல்கிறோம். ஆனால் விளக்குகளின் பொருள் இரண்டிலும் வேறு. ஹப் என்பது ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லா போர்ட்டுக்கும் அப்படியே திருப்பி அனுப்பும் பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் பேச முடியும். இதை ஹாஃப் டூப்ளெக்ஸ் என்பார்கள். சுவிட்ச், எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டுமோ அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும்.

அடையாளம் காண, முகப்பைப் பாருங்கள். மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு கொலிஷன் விளக்கு, அல்லது 10க்கு ஒன்று 100க்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் அது ஹப். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடிவது), கொலிஷன் இரண்டையும் சேர்த்துக் காட்டும் விளக்கு இருந்தால் அது சுவிட்ச்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால், இரண்டு கணினிகளை ஒன்றுக்கொன்று பிங் செய்ய (பதில் வருகிறதா என்று பார்க்கச் சின்னச் செய்தி அனுப்ப) விட்டு, மூன்றாவது கணினியில், வந்து சேரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து பாருங்கள். அந்த பிங் மூன்றாவதிலும் முழுதாகத் தெரிந்தால் கையில் இருப்பது ஹப்தான்.

3. பவர் விளக்கு: எரிந்தால் மட்டும் போதாது

எந்தக் கேபிளையும் மாட்டாமல் மின்சாரம் மட்டும் கொடுங்கள். பல பெட்டிகளில் எல்லா விளக்கும் ஒரு கணம் எரிந்து அணையும். அந்தக் கணத்தில் எரியாத விளக்கு எது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல்பே போயிருந்தால் பிறகு அதை நம்பி ஏமாறக் கூடாது.

அடுத்து அடாப்டர். பெட்டிக்கு அடியில் 5, 7.5, 9, 12 வோல்ட் என்று ஏதாவது ஓர் அளவு அச்சிட்டிருக்கும். இந்த எல்லா அடாப்டரின் பின்னும் பெரும்பாலும் ஒரே துளையில் போய் உட்கார்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் வட்டக் குறி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பச்சை எல்இடி எரிய சுமார் 2 வோல்ட் போதும். அதனால் அடாப்டர் பலவீனமாகி வோல்ட் இறங்கினாலும் பவர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் சிப் தடுமாறும். எல்லா போர்ட்டின் லிங்க்கும் ஒரே நேரத்தில் அணைந்து மறுபடி எரிந்தால் கேபிளைத் தொடாதீர்கள். எட்டுக் கேபிளும் சேர்ந்து கெட்டுப் போகாது. அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று: கணினிகளுக்கு யூபிஎஸ் இருக்கும், ஹப் மட்டும் சாதாரணப் பிளக்கில் தொங்கும். கரண்ட் போனதும் கணினி எல்லாம் ஓடும், பில் மட்டும் வராது. ஹப்பையும் யூபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.

4. லிங்க் விளக்கு: ஒரு கேபிள், ஒரு போர்ட்

எட்டுக் கேபிளையும் ஒன்றாக மாட்டிவிட்டு எது எரியவில்லை என்று தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நல்ல கேபிளை லேப்டாப்பில் மாட்டி, மறுமுனையை முதல் போர்ட்டில் சொருகுங்கள். இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். இரண்டு முனையும் வேகத்தைப் பேசி முடிவு செய்ய அந்த நேரம் வேண்டும். எரிந்ததும் அதே கேபிளை இரண்டாவது, மூன்றாவது என்று கடைசி போர்ட் வரை மாற்றிப் பாருங்கள். போர்ட்கள் நல்லவை என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு நல்ல போர்ட்டில் ஒவ்வொரு கேபிளாக மாட்டிப் பாருங்கள். இப்போது எரியாவிட்டால் தவறு கேபிளில், அல்லது அதன் மறுமுனையில்.

கேபிளே மாட்டாமல் லிங்க் எரிகிற போர்ட் இருந்தால் அது பழுது. மின்னலுக்குப் பிறகு இப்படி ஒன்றிரண்டு போர்ட் போவதுண்டு. அதன் மேல் டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

லிங்க் விளக்கு உண்மையில் என்ன சொல்கிறது? 10 மெகாபிட் வேகத்தில், தரவு எதுவும் போகாத நேரத்திலும் ஒவ்வொரு முனையும் சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். எதிர்முனையின் துடிப்பு என்னிடம் வந்து சேர்கிறது என்று மட்டும்தான் இந்த விளக்கு சொல்கிறது. ஐபி முகவரி சரியா, கணினி பதில் சொல்லுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் 10 மெகாபிட்டில் ஒரு முனையில் விளக்கு எரிந்து மறுமுனையில் எரியாமல் இருக்க முடிகிறது: சிக்னல் போகும் கம்பி ஜோடி நன்றாக இருக்கிறது, வரும் ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. எனவே கணினியின் பின்பக்க விளக்கையும் குனிந்து பாருங்கள். டார்ச் லைட் அதற்குத்தான்.

ஒரு ஜவுளி மொத்தக் கடையில், "லைட்டுதான் எரியுதே தம்பி, அப்புறம் ஏன் பில்லு நிக்குது?" என்று முதலாளி கேட்டார். பகல் முழுக்க எரிந்த விளக்கு, கணக்குப் பிள்ளை நாற்காலியைப் பின்னால் தள்ளும்போதெல்லாம் அரை விநாடி அணைந்தது. கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. கேபிள் துளைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது. மாட்டும்போது 'டிக்' என்று சத்தம் வரவில்லை என்றால் அந்த முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள் (புதிய கனெக்டரை அழுத்திப் பொருத்துங்கள்). லிங்க் விளக்கைப் பார்த்தபடியே கேபிளை மெதுவாக அசைத்துப் பார்ப்பதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரிம்ப் செய்வதில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று இரண்டு முனையிலும் ஒரே மாதிரி போட்டுவிடுகிறார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். லிங்க்கும் எரியும். ஆனால் ஈதர்நெட் 3ஆம் பின்னையும் 6ஆம் பின்னையும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. இந்த அடுக்கில் 3இல் வெள்ளை-பச்சையும் 6இல் நீலமும் வந்துவிடுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட கம்பிகள் அல்ல. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைக் கழிப்பதே அந்த முறுக்குதான். அது போய்விட்டால் இரண்டு மீட்டரில் ஓடும், முப்பது மீட்டரில் திணறும். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டெஸ்டர் பாஸ் சொன்னாலும் கனெக்டரின் கண்ணாடி போன்ற முகப்பு வழியாக நிறங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

கணினியை அணைத்த பிறகும் லிங்க் எரிந்தால் பயப்பட வேண்டாம். பல கணினிகள் வலையமைப்பு வழியாக எழுப்புவதற்காக, கேபிள் மாட்டும் வலையமைப்பு அட்டைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

5. வேக விளக்கு

இரண்டு வேக ஹப்பில் பெரும்பாலும் இந்த விளக்கு எரிந்தால் 100, அணைந்திருந்தால் 10. அணைந்திருப்பது கோளாறு என்று நினைத்துக் கேபிளை மாற்றுபவர்கள் உண்டு. முதலில் லிங்க் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் 10இல் ஓடுகிறது, அவ்வளவுதான். நிறத்துக்குப் பொதுவான விதி இல்லை. ஒரு பெட்டியில் ஆரஞ்சு 100 என்றால் இன்னொன்றில் அதுவே 10ஆக இருக்கும். விளக்கின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள்.

100 வர வேண்டிய கணினி 10இல் நின்றால், அது தூக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரத்தைச் சேமிக்கப் பல அட்டைகள் தூங்கும்போது 10க்கு இறங்கிவிடும். விழித்திருந்தும் 10 என்றால் கேபிளையும் அட்டையின் அமைப்பையும் பாருங்கள்.

இந்த வகை ஹப்புக்குள்ளே 10 வேகக் கூட்டமும் 100 வேகக் கூட்டமும் தனித்தனி. நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் இரண்டையும் இணைக்கும். சில பழைய பெட்டிகளில் அந்த இணைப்பு கிடையாது. அங்கே 10இல் இருக்கும் பழைய பிரிண்டரை 100இல் இருக்கும் கணினியால் பார்க்கவே முடியாது. இரண்டுக்கும் லிங்க் மட்டும் நன்றாக எரியும்.

6. ஆக்டிவிட்டி விளக்கு

பல ஹப்களில் இதற்குத் தனி விளக்கு இல்லை. லிங்க் விளக்கே மின்னிக் காட்டும். லேபிளில் லிங்க் என்பதோடு 'ஆர்எக்ஸ்' என்று போட்டிருந்தால், அந்த போர்ட்டிலிருந்து தரவு உள்ளே வரும்போது மட்டும் அது மின்னும். அதாவது மின்னுகிற போர்ட்டில் இருப்பவர்தான் பேசுகிறார். 'ஆக்ட்' என்று போட்டிருந்தால் போவது, வருவது இரண்டுக்கும் மின்னும். அதை வைத்துப் பேசுபவரைப் பிடிக்க முடியாது.

எந்தக் கேபிள் யாருடையது என்று தெரியாத அலுவலகத்தில் இதைச் செய்து பாருங்கள். மற்றவர்கள் வேலையை நிறுத்தியிருக்கும் நேரமாக, ஒரு கணினியில் பிங் கட்டளையை நிறுத்தாமல் ஓட விடுங்கள். விண்டோஸ் விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அனுப்பும். ஹப்பில் விநாடிக்கு ஒருமுறை சீராக மின்னும் விளக்கைத் தேடுங்கள். ஆர்எக்ஸ் வகை ஹப்பாக இருந்தால் பிங்குக்குப் பதில் சொல்லும் கணினியின் போர்ட்டும் கூடவே மின்னும். ஒன்று கேட்பவர், மற்றது பதில் சொல்பவர். ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போகலாம்.

யாரும் எதுவும் செய்யாதபோதும் அவ்வப்போது மின்னுவது இயல்பு. கணினிகள் தாங்களாகவே ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

7. கொலிஷன் விளக்கு

முந்தைய நான்கு விளக்குகளையும் பார்த்து முடித்த பிறகுதான் இந்த விளக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் சிக்னல்கள் மோதும். இரண்டும் நிறுத்தி, தனக்குத் தோன்றிய ஏதோ ஒரு நேரம் காத்திருந்து, மறுபடி முயலும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் அந்தத் தரவுத் துண்டைக் கைவிட்டுவிடும். எனவே ஹப்பில் இந்த விளக்கு அவ்வப்போது மின்னுவது கோளாறு அல்ல. ஹப் வேலை செய்கிற முறையே அதுதான். கணினிகள் கூடக் கூட, பெரிய கோப்புகள் நகர நகர அதிகமாக மின்னும்.

எது கோளாறு என்று பிரிக்க இப்படிச் செய்யுங்கள். இரண்டு கணினிகளை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாதாரண பிங் மட்டும் ஓடட்டும். ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொல்வதால் மோதலுக்கு வாய்ப்பே குறைவு. அப்போதும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் அந்த இரண்டில் ஒன்றிலோ அதன் கேபிளிலோ தவறு இருக்கிறது. மின்னவில்லை என்றால் கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கொடுங்கள். அவசரப்பட்டு மூன்றை ஒன்றாக மாட்டினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

நான் அதிகம் பார்த்த காரணம் டூப்ளெக்ஸ் பொருந்தாமை. கணினி வேகமாக ஓட வேண்டும் என்று யாரோ ஒருவர் அட்டையின் அமைப்பில் 100 மெகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் மாற்றி வைத்திருப்பார். ஃபுல் டூப்ளெக்ஸில் இருக்கும் கணினி, வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேட்காமலே பேசும். ஹப்பில் இருக்கும் மற்றவர்களோ கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். விளைவு விசித்திரமாக இருக்கும்: லிங்க் எரியும், பிங் போகும், ஆனால் கோப்பை நகலெடுத்தால் ஊர்ந்து ஊர்ந்து போகும். டிவைஸ் மேனேஜரில் அட்டையின் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய், ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்ற வரியை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். சரி, ஹப்பையும் ஃபுல் டூப்ளெக்ஸுக்கு மாற்றலாமே என்று கேட்பார்கள். ஹப்பால் அது முடியாது.

8. பார்ட்டிஷன் விளக்கு

ஒரு போர்ட்டில் 30க்கு மேல் தொடர்ச்சியாக மோதல் நடந்தால் 10 மெகாபிட் ஹப் அந்த போர்ட்டைத் தானே ஒதுக்கி வைத்துவிடும். மற்றவர்கள் பிழைக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 100 மெகாபிட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. சில பெட்டிகளில் தனி விளக்கு எரியும், சிலவற்றில் லிங்க் விளக்கே நிறம் மாறும். நிலைமை சரியானதும் ஹப் தானாகவே அந்த போர்ட்டைச் சேர்த்துக்கொள்ளும். பெட்டியை அணைத்துப் போட வேண்டியதில்லை.

இங்கே எல்லோரும் செய்வது, கேபிளைப் பிடுங்கி அடுத்த போர்ட்டில் சொருகுவது. இதனால் கோளாறும் கூடவே இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதே போர்ட்டில் நல்ல கேபிளையும் லேப்டாப்பையும் மாட்டுங்கள். விளக்கு அணைந்தால் போர்ட் நல்லது. பிறகு பழைய கேபிளோடு லேப்டாப்பை மாட்டுங்கள். மறுபடி எரிந்தால் கேபிள். எரியாவிட்டால் அந்தக் கணினியின் அட்டை.

9. இரண்டாவது ஹப்பைச் சேர்க்கும்போது

ஹப்பின் சாதாரண போர்ட்கள் கணினியோடு நேரே இணைய ஏற்றவை. இரண்டு ஹப்பின் சாதாரண போர்ட்களை நேர் கேபிளால் (இரண்டு முனையிலும் ஒரே நிற வரிசை) இணைத்தால், இரண்டும் ஒரே ஜோடியில் பேசி ஒரே ஜோடியில் கேட்கும், லிங்க் எரியாது. ஒரு பக்கம், வேறு ஹப்போடு இணைப்பதற்கான அப்லிங்க் போர்ட்டாக இருக்க வேண்டும், அல்லது பேசும் ஜோடியும் கேட்கும் ஜோடியும் ஒரு முனையில் இடம் மாறிய கிராஸ் கேபிள் வேண்டும். இரண்டு பக்கமும் அப்லிங்க் என்றால் மறுபடி எரியாது.

அப்லிங்க் என்று தனித் துளை இருந்தால் அது பெரும்பாலும் பக்கத்து போர்ட்டோடு ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது காலியாக இருக்க வேண்டும். ஒன்பது துளை தெரிந்தாலும் எட்டுதான் கணக்கு.

எத்தனை ஹப் வரை கோக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 10 மெகாபிட்டில் எந்த இரண்டு கணினிகளுக்கும் நடுவில் அதிகபட்சம் 4 ஹப். 100 மெகாபிட்டில், கிளாஸ் 2 என்று அச்சிட்டிருந்தால் 2 ஹப், நடுவில் 5 மீட்டர் கேபிள், மொத்தத் தூரம் 205 மீட்டர். கிளாஸ் 1 என்றால் ஒன்றே ஒன்று. மோதல் நடந்த செய்தி, அனுப்பிய கணினி தன் 64 பைட் சிறு துண்டை அனுப்பி முடிப்பதற்குள் அதனிடம் திரும்பி வந்தாக வேண்டும். 10 மெகாபிட்டில் அதற்கு 51.2 மைக்ரோ விநாடி கிடைக்கும், 100இல் 5.12தான். தூரமும் பெட்டியும் கூடினால் செய்தி தாமதமாகும். கணினி, தரவு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிடும். இதை எந்த விளக்கும் காட்டாது.

10. ஹப்பை எடுத்துவிட்டு சுவிட்ச் வைக்கும்போது

எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில் விளக்குகளின் நிலையை போர்ட் வாரியாக ஒரு தாளில் எழுதி ஹப்பின் மேலேயே ஒட்டிவையுங்கள்: போர்ட் எண், யாருடைய கணினி, லிங்க், வேகம், கொலிஷன் எந்த அளவுக்கு மின்னுகிறது. பெட்டியை மாற்றும் நாளில் இந்தத் தாள் வேண்டும்.

ஒரு டியூஷன் சென்டரில் பழைய ஹப்பைக் கழற்றி, கேபிள்களை அதே வரிசையில் புதிய சுவிட்சில் மாட்டினோம். ஒரு நிமிடத்துக்குள் எல்லா விளக்கும் ஒன்றாக, ஒரே தாளத்தில் வேகமாக மின்னத் தொடங்கின. எந்தக் கணினியும் நகரவில்லை. ஒட்டியிருந்த தாளில் 3ஆம் போர்ட்டுக்கும் 6ஆம் போர்ட்டுக்கும் நேரே 'லிங்க் இல்லை' என்று இருந்தது. அந்த இரண்டு கேபிளையும் பிடித்துக்கொண்டே போனால் இரண்டும் ஒன்றுதான். தரையைக் கூட்டும்போது கீழே கிடந்த முனையை யாரோ எடுத்துக் காலியாக இருந்த துளையில் மாட்டியிருக்கிறார்கள்.

பழைய ஹப்பில் இரண்டும் சாதாரண போர்ட் என்பதால் லிங்க்கே வரவில்லை, யாருக்கும் தொல்லை இல்லை. புதிய சுவிட்சுகள் நேர் கேபிளையும் கிராஸ் கேபிளையும் தாமே புரிந்துகொண்டு இணைத்துவிடும். வட்டம் பூர்த்தியானதும் எல்லோருக்கும் போக வேண்டிய செய்தி ஒன்று உள்ளே சுற்றிச் சுற்றிப் பெருகிவிட்டது. ஒரு முனையைப் பிடுங்கியதும் அடங்கியது.

அதனால் பழைய பெட்டியில் லிங்க் எரியாமல் இருந்த கேபிள் எதையும் உடனே புதிய சுவிட்சில் மாட்டாதீர்கள். எரிந்தவற்றை முதலில் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எரியாதவற்றை மறுமுனை வரை கையால் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கே போகிறது என்று எழுதி ஒட்டிய பிறகு மாட்டுங்கள்.